கன்னிமார் பாறையில் மூன்று சக்கரம்

மெல்போர்னில் இருக்கும் என் அக்கா மகன், ஊருக்கு வந்த நண்பர் ஒருவரிடம் ஓர் அட்டைப்பெட்டியைக் கொடுத்தனுப்பியிருந்தான். உள்ளே சைக்கிளுக்கான டிஸ்க் பிரேக்குகள். அதை ஆந்திரத்தில், நகரியைத் தாண்டி இருக்கும் புத்தூரில், தாமோதரன் என்பவரிடம் சேர்க்க வேண்டும். கூரியரில் அனுப்பலாமே என்றேன். "நீங்களே போங்க சித்தி. அவர் மலையடிவாரத்துல சைக்கிள் பாதை போட்டிருக்கார். உங்களுக்கு எழுத விஷயம் இருக்கும்" என்றான். நாளிதழ் வேலையை நான் விட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. எழுத விஷயம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆனாலும் கிளம்பினேன்.

திருத்தணியைத் தாண்டிச் சிறிது நேரத்தில் கடைப் பலகைகளில் எழுத்து உருண்டையாகிவிட்டது. பேச்சில் தமிழ் விட்டுப்போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் கைபேசியில் பேசிக்கொண்டே வந்தார். மகளின் பள்ளிச் சேர்க்கையைப் பற்றித் தெலுங்கில் பேசினார். தேதியையும் வகுப்பையும் ஆங்கிலத்தில் சொன்னார். யாரையோ அதட்டுவதற்கு மட்டும் தமிழுக்கு வந்தார். "வந்துக்கினுதான் கீறேன், செத்த வாய மூடிக்கினு இரு." மூன்று மொழிக்கும் தனித்தனி வேலை கொடுத்து வைத்திருந்தார். நான் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு அந்த ஊரில் இறங்கினேன்.

புத்தூரில் இறங்கியதும் ஆட்டோக்காரர் கேட்ட முதல் கேள்வி, "கையா, காலா?"

எனக்குப் புரியவில்லை. அட்டைப்பெட்டியை நான் மார்போடு அணைத்துப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து அவராகவே "கைதான்" என்று முடிவு செய்தார். தாமோதரனின் தோப்புப் பெயரைச் சொன்னேன். தலையை ஆட்டினார். கொண்டுபோய் இறக்கிய இடத்தில் கையிலும் காலிலும் மூங்கில் பட்டை கட்டிய மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முட்டை வெள்ளையும் பச்சிலையும் கலந்த வாசனை. புத்தூர் எலும்பு கட்டும் ஊர். வெளியூரிலிருந்து இங்கே இறங்குகிறவர்கள் ஏதாவது உடைந்துதான் வருவார்கள் என்பது ஆட்டோக்காரர்களின் அனுபவம். எனக்கு ஒன்றும் உடையவில்லை என்று விளக்கினேன். அவருக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது போலத் தெரிந்தது.

தாமோதரன் என்னைத் தேடிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டார். விருந்தாளிகள் பலரை ஏற்கெனவே அங்கிருந்துதான் மீட்டிருக்கிறாராம். நாற்பதைத் தாண்டியவர். மாந்தோப்பு வைத்திருக்கும் பழைய தமிழ்க் குடும்பம். மென்பொருள் வேலைக்காக அமெரிக்கா போய், அங்கே ஒரு மலையடிவார ஊரில் பல வருடங்கள் இருந்துவிட்டு, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று திரும்பியவர். அந்த ஊரில் சனி, ஞாயிறு வந்தால் எல்லோரும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போவார்களாம். இங்கே வந்து பார்த்தபோது அதே மாதிரி மலை, அதே மாதிரி ஒற்றையடிப் பாதைகள். சைக்கிள்தான் இல்லை.

சாப்பாட்டுக்குப் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு மெஸ்ஸுக்கு அழைத்துப் போனார். இலை போட்டதும் நான் சாம்பார் கேட்டேன். பரிமாறுகிறவர் கையை நீட்டித் தடுத்தார். "மொதல்ல பருப்புப் பொடி துன்னுங்க மேடம். நெய்யி ஊத்தறேன். சாம்பாரு எங்கியும் ஓடிப்பூடாது." சென்னையில் சாப்பிடுகிறவர் எதைக் கேட்டாலும் கிடைக்கும். இங்கே வரிசை அவர்கள் கையில் இருக்கிறது. பொடி முடிந்து, புளிச்சக்கீரை முடிந்து, சாம்பார் வந்தபோது எனக்கு வயிற்றில் இடம் இல்லை.

பெட்டியைப் பிரித்தது ஒரு வெல்டிங் பட்டறையில். பக்கத்துக் கொட்டகையில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தத் தெருவில் யாரும் மெல்லப் பேசுவதில்லை. பட்டறை நடுவே ஒரு மூன்று சக்கர வண்டி நின்றது. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. தரையோடு தாழ்ந்த இருக்கை. பெடல்கள் கைக்கு எதிரே, நெஞ்சு உயரத்தில். அதில் உட்கார்ந்து பெடலைக் கையால் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தவர் டில்லிபாபு. முப்பத்தைந்து வயது இருக்கலாம். தோள்கள் மல்யுத்தக்காரருடையவை. கால்கள் துணி மாதிரி கிடந்தன.

"ஆஸ்திரேலியாலர்ந்து வரீங்களா மேடம்?"

"இல்லை. பெரம்பூர்லேர்ந்து."

"அதுவும் தூரம்தான்."

குவைத்தில் கட்டட வேலைக்குப் போயிருந்தவர். சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு போய்விட்டது. எலும்பு கட்டும் ஊருக்கே திரும்பி வந்தார். முதுகுத்தண்டை அவர்களும் கட்டுவதில்லை. அவருடைய அப்பா தாமோதரனின் தோப்பில் கூலி வேலை செய்தவர். பிறகு பட்டா கிடைத்து வேர்க்கடலை போட்டார்கள். அந்த நிலத்தை இப்போது மனைவி அமுலு பார்த்துக்கொள்கிறார். மீதி நேரம் பக்கத்துக் கொட்டகையில் தறி ஓட்டுகிறார். வண்டியை வரைந்தது தாமோதரன், செய்தது பட்டறைக்காரர். ஏற்றத்தில் போய்விட்டு இறக்கத்தில் நிறுத்த நம்பகமான பிரேக் இல்லாததால் இத்தனை நாள் சமதளத்திலேயே ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

எங்கே போக வேண்டும் என்று கேட்டேன். டில்லிபாபு மலையைக் காட்டினார்.

"மேல மடுகு வரைக்கும். ஓடத்தண்ணி தேங்கி நிக்குமே, அங்க. ஒருத்தர் கை படாம போவணும், அவ்ளோதான். ரெண்டு வருசமா கட்டில்லர்ந்து சேருக்கு ஒரு ஆளு. சேருலர்ந்து ஆட்டோக்கு ரெண்டு ஆளு. கக்கூசுல ஒக்காந்தாகூட வெளிய ஒரு ஆளு நின்னுக்கினு, ஆச்சா, ஆச்சான்னு கேட்டுக்கினு கீது."

"கேக்காட்டி நீ உள்ளயே தூங்கிப்பூடற" என்றார் வாசலில் நின்ற பெண். தலையெல்லாம் பஞ்சு. தறியை நிறுத்திவிட்டு பிரேக்கைப் பார்க்க வந்திருந்தார். அவர்தான் அமுலு. அந்த 'ஒரு ஆளு'ம் அவர்தான்.

பிரேக் வந்துவிட்டதே, இனி என்ன தடை என்றேன். "நாளைக்குப் பாருங்க" என்றார் தாமோதரன்.

மறுநாள் காலையில் இட்லி, வேர்க்கடலைச் சட்னி. எனக்கு ஒரு கியர் சைக்கிளும் தலைக்கவசமும் கொடுத்தார்கள். பாதைகள் தோப்பின் வாசலில் தொடங்குகின்றன. அங்கே மூன்று மொழியில் ஒரு பலகை. தமிழில் "எல்லாருக்கும்" என்று எழுதியிருக்கிறது. பச்சைப் பாதை புதியவர்களுக்கு, நீலம் பழகியவர்களுக்கு, கறுப்பு வீரர்களுக்கு. காட்டு எல்லைக் கல்லுக்கு இப்பால், பட்டா நிலங்களிலும் ஊர்ப் பொதுவிலும், ஆடுகளும் விறகு வெட்டிகளும் போட்ட தடங்களையே தாமோதரன் சீர் செய்திருக்கிறார்.

பச்சைப் பாதை மாந்தோப்புகளைச் சுற்றி ஏரிக்கரை மேல் போகிறது. நான் கடைசியாக சைக்கிள் ஓட்டியது பள்ளிக்கூடத்தில். கை மறக்கவில்லை, முழங்கால்தான் கேள்வி கேட்டது. ஐப்பசி மழை விட்டிருந்தது. மலை கழுவி வைத்த மாதிரி இருந்தது. ஏரிக்கரையில் பாதி அகலத்துக்கு வேர்க்கடலை காயப் போட்டிருந்தார்கள். காவலுக்கு இருந்த பெண், "ஒத்து, ஒத்து" என்று தெலுங்கில் தடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கடலை மேல உட்டுடாதம்மா" என்று தமிழில் தொடர்ந்தார். இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன்.

வழிகாட்டுவதற்கு தாமோதரன் முதலில் கற்களில் வண்ணம் அடித்திருக்கிறார். மறுவாரமே ஊர்க்காரர்கள் கும்பலாகத் தோப்புக்கு வந்துவிட்டார்கள். தடா பக்கம் தொழிற்சாலைகள் வந்தபோதும், நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோதும், முதலில் வந்தது கல்லில் பெயின்ட்தான். பிறகு நிலம் போனது. பச்சை அடித்த கல் யார் நிலத்தில் இருந்ததோ அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். தாமோதரன் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். அதற்குப் பதிலாகத் தறிக்கொட்டகையில் வீணாகும் கரைத்துணிகளை வாங்கி, பச்சை, நீலம், கறுப்பு என்று மரங்களில் கட்டினார். கொஞ்ச நாளில் மரங்களில் துணி அதிகமாகத் தொடங்கியது. யாரோ வேண்டுதல் முடிச்சு என்று நினைத்துத் தாங்களும் கட்டியிருக்கிறார்கள். பெங்களூரிலிருந்து வந்த ஒரு குழு நீலத்துணியைப் பின்பற்றிப் போய், குழந்தை வரம் கேட்டவர்களின் வேப்பமரத்தடியில் முடிந்தது. இப்போது தாமோதரன் துணியோடு ஒரு தகரத்துண்டும் சேர்த்துத் தொங்கவிடுகிறார்.

நீலப் பாதையில் நான் விழுந்தேன். ஏற்றத்தில் கியரை மாற்றத் தெரியாமல், உருண்டைக் கற்கள் மேல் சக்கரம் நின்றுபோய், பக்கவாட்டில் சாய்ந்தேன். ஓர் ஆடு மட்டும் பார்த்தது. முழங்கையில் சிராய்ப்பு. விழுவதற்குப் புத்தூரை விட நல்ல ஊர் கிடையாது என்று சொல்லிக்கொண்டு எழுந்தேன்.

தடை எது என்று அதற்கு மேல்தான் தெரிந்தது. நீலமும் கறுப்பும் சேர்ந்து ஒரு சாய்வான பாறையில் ஏறுகின்றன. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் ஓடையின் பள்ளம். சுற்றிப் போக வழியில்லை. பாறையின் ஓரத்தில் மஞ்சள் பூசிய ஏழு கற்கள். ஏழு கன்னிமார். அந்தப் பாறையில் யாரும் செருப்புக்காலோடு நடப்பதில்லை. கீழ் விளிம்பில் கழற்றி, கையில் எடுத்துக்கொண்டு கடந்து, மேல் விளிம்பில் போட்டுக்கொள்ள வேண்டும்.

எனக்கு முன்னால் பெங்களூர்க்காரர்கள் இருவர் வந்து சேர்ந்திருந்தார்கள். ஒருவர் தமிழ். விலையுயர்ந்த காலணிகளைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சைக்கிளைத் தோளில் தூக்கினார்கள். விளிம்பில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அம்மாளை, காலுறையையும் கழற்றணுமா என்று தமிழர் கேட்டார்.

"அது துணிதான. இருந்துட்டுப் போவுது. சக்கரம் மட்டும் கீழ படக்கூடாது."

அவர் முனியம்மா. கன்னிமாருக்குப் பூசை செய்கிறவர். ஐம்பதைக் கடந்தவர், வலுவான உடல்காரர். அவருக்கும் சொந்தமாக இரண்டு வயல் உண்டு. காலையில் விளக்கு வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார். சனி, ஞாயிறு சைக்கிள்காரர்களுக்காக உட்காருகிறார். தன் ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். காரணமும் அவரே சொன்னார்.

சில வருடங்களுக்கு முன் இந்த மலையை உடைத்து ஜல்லி எடுக்க ஒருவர் வந்திருக்கிறார். டிப்பர் லாரி ஏற இது ஒன்றுதான் வழி. பாறையை அகலப்படுத்த வேண்டும். முதல் லாரி வந்து நின்றபோது முனியம்மா குறுக்கே உட்கார்ந்துகொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டுப் போ என்று ஓட்டுநரிடம் சொன்னார். அவன் கழற்றினான்.

"உன் செருப்ப இல்லடா. வண்டி செருப்பக் கழட்டுன்னேன். முழிச்சான். சின்னப்புள்ளைல நாங்க டயர அறுத்துதான் செருப்பு போட்டுக்கினோம். அப்ப டயருன்னா இன்னா? செருப்புதான? அவன் வூட்லயும் கன்னிமாரு கும்புடுறாங்க. ரிவர்சுலயே எடுத்துக்கினு போனான்."

ஜல்லிக்காரர் வேறு மலைக்குப் போய்விட்டார். ஊரின் பெயரை அச்சில் பார்த்தால் அவருக்கு மறுபடி நினைவு வந்துவிடும் என்பதுதான் முனியம்மாவின் பயம். அன்றிலிருந்து சக்கரம் பாறையைத் தொடக்கூடாது. பால்காரரின் சைக்கிளாக இருந்தாலும் தோள்மேல்தான்.

டில்லிபாபுவைப் பற்றிக் கேட்டேன். முனியம்மாவுக்கு முகம் சுருங்கியது. டில்லிக்கு அவர் அத்தை முறை.

"எனக்கு மட்டும் ஆசையா மேடம், அவன நிறுத்தி வெக்கணும்னு? இன்னிக்கு ஒரு டயரு ஏறுச்சுன்னா நாளைக்கு அந்த ஆளு வந்து, அதுக்கு உட்டியே எனக்கு இன்னான்னு கேப்பான். நான் இன்னா பதில் சொல்றது?"

செய்தியாக எழுதியிருந்தால் இரண்டு தரப்பையும் ஒவ்வொரு பத்தியில் போட்டு முடித்திருப்பேன். இங்கே டில்லியும் முனியம்மாவும் ஒரே தெருவில் இருப்பவர்கள்.

அன்று மாலை டில்லிபாபுவின் வீட்டுக்குப் போனோம். களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் வைத்திருந்தார்கள். பெங்களூர்க்காரர்களும் வந்திருந்தார்கள். களியை மென்றால் அமுலு சிரிப்பார் என்று தாமோதரன் முன்கூட்டியே எச்சரித்தும் அவர்கள் மென்றார்கள். "முழுங்குங்க சார், அது ஒண்ணும் பண்ணாது" என்றார் அமுலு. சற்று நேரத்தில் முனியம்மாவும் வந்து கதவோரம் உட்கார்ந்தார். மறுநாள் காலையில் வண்டி மேலே போவதா இல்லையா என்பதைப் பேசத்தான் எல்லோரும் வந்திருந்தார்கள். அதைத் தவிர மற்றதெல்லாம் பேசினார்கள்.

ஆரம்பித்தவர் தாமோதரன். பாறை மேல் பலகை போட்டு, பலகை மேல் வண்டியை விடலாம் என்றார். டயர் பாறையைத் தொடாது.

"பலகை போட்டா டிப்பரும் பலகை போடும், நைனா" என்றார் முனியம்மா. வயதில் சிறியவர்களையும் இங்கே செல்லமாக நைனா என்கிறார்கள்.

பெங்களூர்த் தமிழர் ஒரு யோசனை சொன்னார். அந்தப் பாறையில் மட்டும் வண்டியோடு டில்லியைத் தூக்கிவிடலாம். நான்கு பேர் போதும்.

"நாலு பேரு தூக்கறதுக்கு எனக்கு இன்னும் டைம் கீது சார்" என்றார் டில்லிபாபு. எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தாமோதரனைப் பார்த்துச் சொன்னார்: "போர்டுல எல்லாருக்கும்னு எழுதி வெச்சிக்கீற, ண்ணா. எனக்கு மட்டும் பாறை வரைக்கும்னு கீழ ஒரு வரி சேத்துடு."

தாமோதரன் களியை உருட்டிக்கொண்டே இருந்தார்.

அமுலு சட்டியை இறக்கி வைத்தார். அதை வைத்த சத்தத்திலேயே கோபம் தெரிந்தது. "இந்தப் பேச்சையே எத்தினி நாளு பேசுவீங்க? அத்தே, அந்த டிப்பர்காரன்கிட்ட நீ இன்னா சொன்ன? போவாதன்னா சொன்ன?"

"வண்டி செருப்பக் கழட்டுன்னு சொன்னேன்."

"கழட்டினா?"

"இன்னா கழட்டினா?"

"கழட்டினா போலாம்னுதான அர்த்தம். அவனால முடியல, போயிட்டான். இவரு கழட்டட்டும். மூணு டயரையும் கழட்டிட்டு வெறும் சக்கரத்துல போவட்டும்."

அது யோசனையாகச் சொல்லப்பட்டதல்ல, எரிச்சலில் வந்தது. பகல் முழுவதும் நான் அந்த லாரிக் கதையை மனத்துக்குள் திருப்பித் திருப்பி எழுதிப் பார்த்திருந்தேன். அதில் இப்படி ஒரு கதவு இருந்தது எனக்குத் தெரியவில்லை.

தாமோதரன் வண்டியைத்தான் முதலில் நினைத்தார். ரிம் வளைந்துவிடும், பாறையில் வழுக்கும் என்றார். டில்லிபாபு, "வளைஞ்சா நிமித்திக்கலாம்" என்றார். முனியம்மா வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார்.

"வெறும் இரும்பு பட்டா பாறை கீறிக்கும்" என்றார் கடைசியில். அது மறுப்பு என்று நினைத்தேன். அவர் தொடர்ந்தார். "கால்ல புண்ணு வந்தவங்க துணி சுத்திக்கினுதான் பாறை மேல வராங்க. அத நான் ஒண்ணும் சொல்றதில்ல. துணி சுத்திக்கினு வரட்டும்."

"டிப்பர்காரன் துணி சுத்திக்கினு வந்தா?" என்று டில்லிபாபு கேட்டார்.

"டயரக் கழட்டிட்டு ஜல்லி ஏத்துவானாடா அவன்? ஏத்தட்டும், பாக்கறேன். நானே கற்பூரம் காட்றேன்."

மூன்றாம் நாள் காலை பனி விலகும்போதே எல்லோரும் தோப்பு வாசலில் இருந்தோம். அமுலு தறிக்கொட்டகையிலிருந்து ஒரு மூட்டை கழிவுத்துணி கொண்டுவந்திருந்தார். டில்லிபாபு வண்டியில் இருந்தார். கட்டிலிலிருந்து வண்டிக்கு எப்படி வந்தார் என்று நான் கேட்கவில்லை. அமுலுவின் இடுப்பில் செருகிய புடவையைப் பார்த்ததும் தெரிந்தது. கை படாத கணக்கு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது என்று இருவரும் ஒப்புக்கொண்டிருப்பார்கள்.

பாறை வரை அவர் பிரச்சினையில்லாமல் ஏறினார். நாங்கள் பின்னால் நடந்தோம். நான் விழுந்த இடத்தை அவர் சுற்றிக்கொண்டு போனார். கீழ் விளிம்பில் வண்டியை நிறுத்தி, பின்னால் சாய்ந்து, எங்கள் எல்லோருடைய செருப்புகளையும் பார்த்தார். "கழட்டுங்க, கழட்டுங்க" என்றார்.

வண்டியை ஒருபக்கம் கல்லில் தாங்கி நிறுத்தி, தாமோதரனும் பெங்களூர்க்காரர்களும் மூன்று டயர்களையும் ட்யூப்களையும் எடுத்தார்கள். அமுலு ரிம்மைச் சுற்றித் துணியை இறுக்கினார். தறிக்காரியின் விரல்கள், முடிச்சு எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. டில்லிபாபு மேலிருந்து மேற்பார்வை பார்த்தார். "டைட்டா கட்டுமே." "நீ வாய மூடு. பொணத்துக்குக் கட்றனா நானு?"

முனியம்மா ஏழு கற்களுக்கும் கற்பூரம் காட்டினார். தட்டை வண்டியிடம் கொண்டுவந்து டில்லிபாபுவின் நெற்றியில் குங்குமம் வைத்தார். பிறகு குனிந்து முன்சக்கரத்தைத் தடவி, துணியைத் தவிர வேறு எதுவும் கையில் தட்டுப்படவில்லை என்று உறுதி செய்துகொண்டார். நாங்கள் எல்லோரும் ஒதுங்கினோம்.

டயர் இல்லாத வண்டி இன்னும் தாழ்ந்து, தரையில் தவழ்வது போல் இருந்தது. பாறையின் முதல் பாதி எளிது. சக்கரங்கள் சத்தமே போடவில்லை. சங்கிலி மட்டும் கேட்டது. சாய்வு கூடும் இடத்தில், ஓடைநீர் கசிந்து ஈரமாக இருந்த ஓரிடத்தில், முன்சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. பிறகு பின்னோக்கி வழுக்கியது. பள்ளம் இருந்த பக்கமாக.

அமுலு ஓடினார். தாமோதரனும்.

"வராத" என்றார் டில்லிபாபு. கத்தவில்லை. பிரேக்கைப் பிடித்திருந்தார். வண்டி நின்றுவிட்டிருந்தது. அமுலு கை எட்டும் தூரத்தில் நின்றார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

டில்லிபாபு சற்று நேரம் மூச்சு வாங்கினார். உடம்பைச் சுவர்ப் பக்கம் சாய்த்து, சக்கரத்தை ஈரத்திலிருந்து விலக்கி, மெல்லச் சுற்றினார். பின்சக்கரத் துணி கிழியும் சத்தம் கேட்டது. ரிம் பாறையில் உரசியது. முனியம்மா வேறு பக்கம் பார்த்தார். அவர் பார்க்காமல் இருந்ததை நான் பார்த்தேன். அடுத்த சுற்றில் வண்டி முன்னால் போனது, அதற்கடுத்த சுற்றிலும் போனது. மேல் விளிம்பைத் தாண்டி மண்ணில் இறங்கியதும் டில்லிபாபு கைகளைத் தொங்கவிட்டார்.

யாரும் கை தட்டவில்லை. பெங்களூர்க்காரர்களில் ஒருவர் தட்டத் தொடங்கி, தனியாக இருப்பதை உணர்ந்து நிறுத்திக்கொண்டார். ஒரு ரிம் வளைந்திருந்தது. தாமோதரன் அதைக் கல்லில் வைத்துத் தட்டி, டயர்களை மாட்டிக் காற்றடித்தார். வண்டி கொஞ்சம் நொண்டியது. போகும் என்றார் டில்லிபாபு. முனியம்மா பாறையிலேயே நின்றுகொண்டார்.

அதற்கு மேல் பாதை அகலமாகி, மலையின் இடுப்பைச் சுற்றிச் சமமாகப் போகிறது. மடுகு நான் எதிர்பார்த்ததை விடச் சிறியது. ஒரு பாறைத் தொட்டி, பச்சைத் தண்ணீர், மேலேயிருந்து விழும் மெல்லிய ஓடை. இதைவிட நல்ல அருவிகளை ஒரு பகல் பயணத்தில் பார்த்துவிட முடியும். பெங்களூர்க்காரர்கள் கைபேசியில் படம் எடுத்தார்கள். கறுப்புப் பாதையில் இறங்க வேண்டும் என்று விடைபெற்றுக்கொண்டு, எங்களுக்கு எதிர்ப்பக்கம் சரிவில் மறைந்தார்கள்.

டில்லிபாபு தண்ணீர் ஓரம் வரை வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார். திரும்பாமலே பேசினார்.

"நீங்கல்லாம் கீழ போங்க. பாறைகிட்ட நில்லுங்க. நான் வந்து கூப்புடறேன்."

"தனியாவா?" என்றார் அமுலு.

"தனியாத்தான்."

அமுலு தண்ணீரைப் பார்த்தார், வண்டி நின்ற சரிவைப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பி நடந்தார். தாமோதரன் வேகமாக முன்னால் போய்விட்டார். அவர் முகத்தை யாரிடமும் காட்ட விரும்பவில்லை என்று நினைக்கிறேன்.

நானும் அமுலுவும் சேர்ந்து நடந்தோம். கோபமா என்று கேட்டேன்.

"கோவம் இன்னா மேடம். கேட்டுக்கினுதான் இருந்தாரு, உட்டாச்சு." சற்று தூரம் போனோம். மடுகின் சத்தம் பின்னால் குறைந்தது. திருப்பத்தில் ஒரு புளியமரம். அதன் நிழலில் அவர் நின்றார். நானும் நின்றேன்.

"நீங்க முன்னாடி போங்க" என்றார்.

கால் வலிக்கிறதா என்றேன்.

"இல்ல மேடம். ரெண்டு வருசமா நானும் எங்கியும் தனியா நடந்ததில்ல."

நான் முன்னால் நடந்தேன். பாறையின் மேல் விளிம்பில் செருப்பைக் கழற்றும்போது திரும்பிப் பார்த்தேன். பாதை நெடுக வெயில் விழுந்திருந்தது. இருவரில் ஒருவரும் கண்ணில் படவில்லை.